தலைவர்களை நம்பி ஓய்ந்த பின்...



2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து, பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் நாலைந்து பேர் அமர்ந்திருந்தோம். ஓர் இளைஞர் தமது கைபேசியில் டாக்கா நகரத்துக் காட்சிகளைக் காட்டினார். வங்கதேசப் பிரதமர் நாட்டை விட்டே வெளியேறிவிட்டார். அவருடைய மாளிகைக்குள் புகுந்த மக்கள் நாற்காலிகளையும் கையில் அகப்பட்ட மற்றப் பொருட்களையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2022 ஜூலையில், கொழும்பு மாநகரிலும் ஏறத்தாழ இதே காட்சியைத்தான் கண்டோம்.

அந்த இளைஞர் மகிழ்ச்சியோடு பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ சலிப்புடன், "ஒருவர் போவார், இன்னொருவர் வருவார் ஹஜ்ரத். விடுதலை வாங்கித் தந்தவரின் மகளே இப்படி என்றால் இனி யாரை நம்புவது? நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? எல்லாக் கட்சிக்கும் ஓட்டுப் போட்டுப் பார்த்துவிட்டோம். மழை பெய்தால் பள்ளிவாசல் தெருவில் சாக்கடைத் தண்ணீர் வாசற்படி வரை வருகிறது. அடுத்த தேர்தலில் நான் வாக்குச்சாவடிப் பக்கமே போகப்போவதில்லை" என்றார்.

வாக்கு என்பது ஓர் அமானத், அதை வீணடிக்கலாகாது என்று நான் சொன்னேன். மரியாதைக்காக அவர் மறுத்துப் பேசவில்லை. ஆனால் என் சொல் அவர் நெஞ்சைத் தொடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்று சொல்லி முடிக்காத பதிலைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன். அவர் கைபேசியில் கண்ட அதே வங்க மண்ணில், அது கிழக்குப் பாகிஸ்தான் என வழங்கப்பட்ட காலத்திலும் அதற்கு முன்னரும், அவரைப் போலவே தலைவர்களிடம் ஏமாந்த ஒருவர் நெடுங்காலம் வாழ்ந்தார். பெயர் அக்தர் ஹமீத் கான். அவர் ஆலிம் அல்லர். அவருடைய கருத்துகள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவையும் அல்ல. முதுமையில் அவர்மீது மத நிந்தனை வழக்குகள்கூடத் தொடரப்பட்டன. ஆயினும் ஏமாற்றத்திற்குப் பின் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவர் வாழ்ந்து காட்டிய பதிலை நாம் அறிந்திருக்க வேண்டும்.

பஞ்சத்தைக் கண்ட அதிகாரி

1914-இல் ஆக்ராவில் பிறந்த அவர், 1936-இல் ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வாகி, கேம்பிரிட்ஜில் பயிற்சி பெற்று வங்காளத்திற்கு அனுப்பப்பட்டார். அக்காலத்தில் ஐ.சி.எஸ். என்றால் ஒரு சிற்றரசருக்குரிய வாழ்வு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நாற்காலியில் அமர்ந்தபடிதான் அவர் 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைக் கண்டார்.

அந்தப் பஞ்சம் வானம் பொய்த்ததால் மட்டும் வந்ததன்று. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரி வந்தால் அவனுக்குப் பயன்படக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் அரிசி இருப்பையும் பல்லாயிரம் படகுகளையும் ஆங்கில அரசே அகற்றியது. ஆறும் ஓடையுமாய்க் கிடக்கும் வங்காளத்தில் படகில்லாத மீனவன் என்ன செய்வான்? விளைந்த நெல் எப்படிச் சந்தைக்குப் போகும்? வணிகர் பதுக்கினர், விலை பன்மடங்கு ஏறியது. லண்டன் உணவுக் கப்பல் அனுப்பத் தயங்கியது. கல்கத்தாவில் 1943 ஏப்ரல் முதல் ஆட்சியிலிருந்ததோ நம்மவர் ஆட்சி என்று மக்கள் நம்பிய முஸ்லிம் லீக் அமைச்சரவை. அதனாலும் அரிசியைக் கிராமத்திற்குக் கொண்டு சேர்க்க முடியவில்லை. மாண்டவர் பதினைந்து லட்சம் என்றது 1945-இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கை. முப்பது லட்சம் வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடு. இறந்தோரில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள், மீனவர்கள், சிறு கைவினைஞர்கள்.

1945-இல் அக்தர் ஹமீத் கான் பதவியைத் துறந்தார். துறந்தவர் வழக்கறிஞராகவில்லை, தேர்தலில் நிற்கவில்லை. அலிகருக்கு அருகே ஒரு கிராமத்தில் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்தார். நம் திண்டுக்கல்லைப் போல அலிகரும் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். மாவட்டத்தை ஆண்ட கைகள் அரத்தைப் பிடித்தன. ஏழையின் வாழ்வு எப்படிப்பட்டது என்பதைக் கோப்பில் படிக்காமல் உடம்பால் அறிய அவர் விரும்பினார். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று அன்று பலர் எண்ணியிருக்கக்கூடும். நானும் முதன்முதலில் படித்தபோது அப்படித்தான் எண்ணினேன்.

அவருடைய மாமனார், காக்சார் இயக்கத்தின் நிறுவனர் அல்லாமா மஷ்ரிகி. காக்கிச் சீருடை அணிந்து, தோளில் மண்வெட்டியைத் துப்பாக்கிபோல் சுமந்து ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்த இயக்கம் அது. ஒரே தலைவர், கேள்வியற்ற கீழ்ப்படிதல். அந்த இயக்கத்தின்பால் மருமகனும் சிறிது காலம் ஈர்க்கப்பட்டார், பின்னர் விலகினார். 1947-இல் மஷ்ரிகியே இயக்கத்தைக் கலைத்தார். ஆட்சியாளர்கள் ஒருபுறம், ஆட்சியை எதிர்த்த தலைவர் மறுபுறம் என இருவரிடமும் நம்பிக்கை இழந்த நிலையில், அவர் டெல்லி ஜாமிஆ மில்லிய்யாவில் மூன்று ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1950-இல் பாகிஸ்தான் சென்று, அதே ஆண்டில் கிழக்கு வங்காளத்துக் கொமில்லா நகரின் விக்டோரியா கல்லூரிக்கு முதல்வரானார்.

புதிய நாடு, பழைய ஏமாற்றம்

புதிய நாட்டின் தலைவர்கள் என்ன செய்தார்கள்? வாசகர்களே, இந்தப் பகுதியை நீட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. 1951-இல் முதல் பிரதமர் லியாகத் அலி கான் சுட்டுக் கொல்லப்பட்டார். 1958-க்குள் ஏழு பிரதமர்கள் வந்து போனார்கள். அவர்களுள் ஒருவர் ஏறத்தாழ இரண்டே மாதம் பதவியில் இருந்தார். ஓர் அரசியல் சட்டம் எழுதி முடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. தம் தாய்மொழிக்காக 1952 பிப்ரவரியில் டாக்கா மாணவர்கள் குண்டடி பட்டு மாண்டனர். 1954-இல் கிழக்கு வங்காள மக்கள் முஸ்லிம் லீகைத் தேர்தலில் துடைத்தெறிந்து, ஃபஸ்லுல் ஹக் தலைமையில் ஐக்கிய முன்னணியை அமர்த்தினர். இரண்டு மாதம் முடியுமுன் கராச்சி அந்த அரசைக் கலைத்தது.

1958 செப்டம்பரில் டாக்கா சட்டமன்றத்தில் நடந்ததையாவது சொல்லியாக வேண்டும். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்ட அமளியில் துணை சபாநாயகர் ஷாஹித் அலி படுகாயமுற்று, சில நாட்களில் இறந்தார். சட்டம் இயற்றும் அவையிலேயே ஓர் உயிர் போயிற்று! அடுத்த மாதமே இராணுவ ஆட்சி வந்தது. அரசியல்வாதிகள் தொலைந்தார்கள் என்று மக்களில் பலர் நிம்மதியடைந்தனர். தலைவர்கள்மீது வெறுப்புற்ற சமுதாயம் துப்பாக்கி ஏந்தியவனை வரவேற்கும் என்பதற்கு வரலாற்றில் இது ஒன்று மட்டுமா சான்று? திண்ணையில் சலிப்போடு பேசிய அந்தத் தம்பிக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். சலிப்பு ஆபத்தில்லாத பொருளன்று.

ஒன்பது அணா

1959 மே மாதத்தில் கொமில்லாவில் கிராம வளர்ச்சிக்கென ஒரு பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அக்தர் ஹமீத் கான் அதன் முதல் இயக்குநர். காந்திய வழியில் நடந்துவந்த அபய் ஆசிரமத்தின் வளாகத்தில்தான் பணிகள் தொடங்கின. அதிகாரிகளுக்குப் பாடம் நடத்துவதே கழகத்தின் வேலை. ஆனால் இயக்குநரோ, கிராமத்தாரிடம் நாம் முதலில் பாடம் கேட்போம் என்றார்.

கோத்வாலி தாணா என்ற வட்டாரம் ஆய்வுக்களமாயிற்று. சுமார் நூறு சதுர மைல் பரப்பில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். குடும்பத்திற்குச் சராசரியாக இரண்டு ஏக்கருக்கும் குறைவான நிலம், அதுவும் துண்டுதுண்டாக. மழைக்காலத்தில் கோமதி ஆறு கரைபுரண்டு பயிரை அழிக்கும். குளிர்காலத்தில் அதே வயல் காய்ந்து கிடக்கும். இடையில் வயிற்றுப்பாட்டுக்குக் கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டும். ஆழ்குழாய்க் கிணறு இருந்தால் குளிர்காலத்திலும் நெல் விளையும். ஆனால் ஒரு சிறு விவசாயி தனியாக அதை அமைக்க முடியாது. நாற்பது ஐம்பது பேர் சேர்ந்தால் முடியும்.

சேர்வது எப்படி? ஊரார் தமக்குள் நம்பிக்கையான ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரை அதிகாரி நியமிக்கக் கூடாது. வாரம் ஒருமுறை அனைவரும் கூட வேண்டும். எவ்வளவு சிறிய தொகையாயினும் வாரந்தோறும் சேமிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் வாரம் ஒரு நாள் கழகத்திற்கு வந்து, சேமிப்பைச் செலுத்தி, விதை, உரம், நீர் பற்றிக் கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பிக் கூட்டத்தில் எடுத்துரைக்க வேண்டும். இந்தக் கிராமச் சங்கங்கள் அனைத்திற்கும் மேலாக 1962-இல் தாணா அளவில் ஒரு மையச் சங்கம் அமைந்தது. உழவு இயந்திரமும் நீரிறைக்கும் கருவிகளும் அதன் பொறுப்பில் இருந்தன. சில ஆண்டுகளில் சங்கங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. குளிர்கால நெல் விளைந்தது.

ஜெர்மனியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரைஃபைசன் என்பவர் ஏழை விவசாயிகளுக்காக அமைத்த சங்கங்களே இதற்கு முன்மாதிரி. அதே முன்மாதிரியைத்தான் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்திற்குப் பரிந்துரைத்தார். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய வரலாறு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதே ஆண்டில் திருவல்லிக்கேணியிலும் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது. ஆக, இந்த வழி நமக்கு அந்நியமன்று.

கொமில்லாவில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது விவசாயிகளின் கதையன்று. 1960 அக்டோபரில், நகரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில், முஹம்மது யாசீன் என்ற தேநீர்க் கடைக்காரரும், பெரும்பாலும் ரிக்ஷா ஓட்டிகளான எட்டுப் பேரும் சேர்ந்து ஆளுக்கு ஓரணா போட்டார்கள். மொத்த முதல் ஒன்பது அணா. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதை அறியாத இளைய வாசகர்களுக்குச் சொல்கிறேன்: அரை ரூபாயைச் சற்றே தாண்டிய தொகை அது! ரிக்ஷாவின் உரிமையாளருக்கு வாடகை கட்டியே காலம் கழித்தவர்கள், சேமிப்பிலிருந்து சொந்த ரிக்ஷா வாங்கினார்கள். தீதார் சங்கம் என்று பெயர் பெற்ற அது பின்னர் செங்கல் சூளை, ஆழ்குழாய்க் கிணறு, பள்ளிக்கூடம் என வளர்ந்தது. 1988-இல் யாசீனுக்கு மகசேசே விருது கிடைத்தது. கான் அவர்களுக்கு அவ்விருது 1963-இலேயே கிடைத்திருந்தது. ஆசிரியருக்குக் கிடைத்த விருது தேநீர்க் கடைக்காரருக்கும் கிடைத்தது என்பதில் எனக்கு இனந்தெரியாத ஒரு மகிழ்ச்சி.

இதைப் படிக்கும்போதெல்லாம் அஷ்அரீ கோத்திரத்தார் நினைவுக்கு வருகிறார்கள். பயணத்திலோ மதீனாவிலோ உணவு குறைந்தால், அவரவர் கையிலிருப்பதை ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள் அவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் கோத்திரத்தாரை எத்துணை நேசத்தோடு புகழ்ந்தார்கள் என்பது ஹதீஸ் படித்தவர்கள் அறிந்ததே.

இமாம்களாகிய எங்களுக்கும் அங்கே ஒரு செய்தி உண்டு. பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களில் பள்ளிவாசல் இமாமையே பயிற்றுவித்து, பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கச் செய்தார்கள். சங்கத்திற்கும் மிம்பருக்கும் இடையே இருந்த தூரம் குறைந்தது. ஆனால் 1962-இல் கிராமப் பெண்கள் பயிற்சிக்கு வரத் தொடங்கியபோது எதிர்த்தவர்களிலும் எங்கள் வகுப்பினர் இருந்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

வட்டி பற்றி ஒரு சொல். கொமில்லாச் சங்கங்கள் தாம் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கின. அது நமக்கு ஆகாது. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆயினும் வாரக் கூட்டமும், சிறு சேமிப்பும், ஊரறிந்த கணக்கும் வட்டியை நம்பி நிற்பவை அல்ல. நம் சமுதாயத்தில் பலர் 'கூட்டுறவு' என்றதுமே வட்டி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களில் சிலர் அதே மாலையில் அடகுக்கடை வாசலில் நிற்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

நல்ல செயலைத் தலைவர்கள் கண்டுகொண்டால்

கொமில்லாவின் வெற்றி அரசின் கண்ணில் பட்டது. அங்கே 1961-62-இல் சோதித்துப் பார்த்த ஒரு திட்டம், அமெரிக்கா அனுப்பிய உபரிக் கோதுமையின் மதிப்பைக் கொண்டு, ஊராரே சாலையும் கால்வாயும் கரையும் அமைத்துக்கொள்வதாகும். அய்யூப் கான் அதைக் கிழக்குப் பாகிஸ்தான் முழுவதற்கும் விரித்தார். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் போய்ச் சேர்ந்த உள்ளூர் உறுப்பினர்களும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களும் ஒரே ஆட்கள்தாம். இரு பகுதிகளிலும் சேர்த்து எண்பதாயிரம் பேர். பொதுமக்களுக்கு அதிபர் தேர்தலில் நேரடி வாக்கில்லை. 1965 ஜனவரியில் ஃபாத்திமா ஜின்னாவை எதிர்த்து அய்யூப் வென்றார். மண்வெட்டிக்கு வந்த பணத்தின் ஒரு பகுதி வாக்குக்கு விலையாயிற்று என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். 1969-இல் அய்யூப் வீழ்ந்தபோது, அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த நல்ல பணிகள்மீதும் சேறு தெறித்தது.

அதன் பின் நடந்தவை நீங்கள் அறிந்தவையே. 1970 நவம்பரில் புயலும் கடலும் சேர்ந்து லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோயின. மேற்கே இருந்த ஆட்சியாளர்கள் மெத்தனம் காட்டினர். அடுத்த மாதத் தேர்தலில் கிழக்கின் 162 இடங்களில் 160-ஐ அவாமி லீக் வென்றும் ஆட்சி கைமாறவில்லை. 1971 மார்ச் 25 இரவு இராணுவம் தன் சொந்த மக்கள்மீது பாய்ந்தது. முஸ்லிமின் துப்பாக்கி முஸ்லிமின் நெஞ்சிலும், அவனுடைய ஹிந்து அண்டை வீட்டாரின் நெஞ்சிலும் வெடித்தது. இருபது ஆண்டுகள் உழைத்த மண்ணை விட்டு அக்தர் ஹமீத் கான் வெளியேற நேர்ந்தது.

புதிய வங்கதேசம் கொமில்லா முறையை நாடெங்கும் பரப்ப முயன்றது. வாரக் கூட்டமும் ஊரார் கண்காணிப்பும் இல்லாத இடங்களில் சங்கத்தின் பெயர் மட்டும் நிலைத்தது. வசதி படைத்த விவசாயிகள் கடனைத் தாங்களே எடுத்துக்கொண்டு திருப்பிக் கட்டாமல் விட்டனர் என்று பிற்கால ஆய்வுகள் எழுதின. அதற்காகக் கூட்டுறவு என்றாலே தோல்வி என்று முடிவு கட்டுவது சரியன்று. எனினும் அது தானாக ஓடும் வண்டி என்றும் நான் சொல்லமாட்டேன்.

ஓரங்கியின் சந்துகள்

1980. அவருக்கு வயது அறுபத்தைந்து. வங்கியாளர் ஆகா ஹசன் ஆபிதி நிதி தர முன்வந்து, கராச்சி நகரின் வடமேற்கே உள்ள ஓரங்கியில் ஏதேனும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஓரங்கி யார் வாழும் இடம்? பெரும்பாலான வீடுகளுக்குப் பட்டா இல்லை. பட்டாணியர், பஞ்சாபியர், இந்தியாவிலிருந்து வந்த முஹாஜிர்கள் ஆகியோரோடு, 1971-க்குப் பின் வங்கதேசத்தில் இடமின்றி வந்து சேர்ந்த பீஹாரி முஸ்லிம்களும் பெருந்தொகையினராக அங்கே இருந்தார்கள். தலைவர்கள் போட்ட இரண்டு எல்லைக்கோடுகளால் இரண்டு முறை வீடிழந்தவர்கள் அவர்கள்!

முதியவர் மாதக்கணக்கில் சந்து சந்தாக நடந்தார். எந்தச் சந்திலும் கழிவுநீர் நடுவே ஓடியது. மலம் வாளியிலும் குழியிலும் தேங்கியது. பிள்ளைகள் அதிலேயே விளையாடி நோயுற்றனர். "அரசாங்கம் இலவசமாகச் சாக்கடை போட்டுத் தரும்" என்பதே மக்களின் பதில். தேர்தலுக்குத் தேர்தல் அவ்வாறு சொல்லப்பட்டிருந்தது. அரசின் கணக்குப்படி ஆகும் செலவை அந்த மக்கள் தாங்க முடியாது, அரசும் செய்யப்போவதில்லை. அப்படியானால் செலவைக் குறைப்பது எப்படி என்று பொறியாளர்களையும் கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹசனையும் வைத்து ஆராய்ந்தார். ஒப்பந்தக்காரரின் இலாபத்தையும் இடைத்தரகையும் நீக்கி, வடிவமைப்பை எளிதாக்கி, உழைப்பை மக்களே கொடுத்தால் செலவு பல மடங்கு குறையும் என்று தெரிந்தது. 1980-களில் வீட்டுக் கழிப்பறையும் சந்துக்குள் நிலத்தடிக் குழாயும் சேர்ந்து ஒரு குடும்பத்திற்குச் சுமார் ஆயிரம் ரூபாய்தான் ஆயிற்று.

ஒரு சந்து என்பது இருபது முப்பது வீடுகள். அதுவே அவர்களின் அலகு. ஊர் முழுவதையும் ஒரே அமைப்பாக்கினால் அரசியல்வாதி நுழைந்துவிடுவான். இருபது வீட்டில் யார் எப்படிப்பட்டவர் என்று எல்லாருக்கும் தெரியும். சந்தார் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவரே பணம் திரட்டுவார், அவரே செலவழிப்பார். ஓரங்கித் திட்டத்தார் அளவெடுத்து, வரைபடம் போட்டு, செலவைக் கணக்கிட்டுத் தருவார்கள். கருவிகளை இரவல் கொடுப்பார்கள். மக்களின் பணத்தைத் தொடவே மாட்டார்கள். இதை நான் ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். பொதுப்பணி என்றால் முதலில் ரசீதுப் புத்தகம் அச்சடிப்பதே நம் வழக்கமல்லவா?

எல்லாம் முதல் நாளிலேயே சரியாக அமைந்துவிடவில்லை. தொடக்கக் கட்டத்தில் கட்டுமானத் தரத்தில் குறைகள் இருந்தன. அச்சுகளையும் முறையையும் திருத்திக்கொண்டார்கள். மாடி வீட்டுக்காரர் ஒருவர் பணம் தர மறுத்தால் சந்து முழுவதும் காத்துக் கிடக்கும். 1986 டிசம்பரில் இனக்கலவரம் ஓரங்கிப் பகுதியைக் கிழித்தது. அலிகர் காலனியிலும் கஸ்பா காலனியிலும் ஏராளமானோர் கொல்லப்பட்டனர். மேடைகளில் மூட்டப்பட்ட தீ சந்துகளில் எரிந்தது. அதன் பிறகும் குழாய் பதிக்கும் பணி தொடர்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தொண்ணூறாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகளுக்கு, அவ்வீட்டாரின் சொந்தப் பணத்திலேயே, கழிவுநீர்க் குழாய் கிடைத்தது.

சகோதரர்களே, இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அரசாங்கமே வேண்டாம் என்று ஓரங்கி மக்கள் சொல்லவில்லை. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், சந்துகளை இணைக்கும் குழாய் ஆகிய மூன்றும் எங்கள் பொறுப்பு. பெருங்கால்வாயும் சுத்திகரிப்பும் உங்கள் பொறுப்பு என்று எல்லை வகுத்துக்கொண்டு, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் கேட்டார்கள். தன் பங்கைச் செய்து முடித்தவனின் குரலுக்கு அலுவலகத்தில் ஒரு கனம் உண்டு. வாக்குச்சாவடிக்குப் போகமாட்டேன் என்ற தம்பிக்கு இந்த இடத்தை நான் தனியாகவே வாசித்துக் காட்டினேன்.

இந்தப் பணி பகைவர் இல்லாத பணியுமன்று. ஓரங்கித் திட்டத்தின் இயக்குநராயிருந்த பர்வீன் ரஹ்மான், நகரத்தின் கால்வாய்களையும் குடிநீர்த் திருட்டையும் நில அபகரிப்பையும் ஆவணப்படுத்தியவர். 2013 மார்ச் 13 அன்று வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கான் அவர்கள் 1999 அக்டோபரில், தமது 85-ஆம் வயதில், அமெரிக்காவில் காலமானார். உடல் கராச்சிக்குக் கொண்டுவரப்பட்டு ஓரங்கித் திட்ட அலுவலக வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

எங்கள் மஹல்லாவின் கணக்கு

இத்தனையும் எழுதிவிட்டு எங்கள் மஹல்லாவைப் பற்றி எழுதாமல் விட்டால் அது நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பைத்துல்மால் இருந்தது. வெள்ளிதோறும் பெட்டி வரும். விதவைகளுக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் புத்தகம், வட்டியில்லாச் சிறு கடன் என்று இரண்டு ஆண்டுகள் நன்றாகவே நடந்தது. பிறகு மாதக் கணக்கை வாசிப்பது நின்றது. யாரும் பணத்தை எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசி வரை யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். தெரியாததே போதுமாயிருந்தது. பெட்டியில் விழுவது குறைந்தது. ஒரு ரமளானுக்குப் பின் பெட்டியே வரவில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளிலும், அதற்குப் பின்னரும், மிம்பரில் ஏறி ஃபலஸ்தீனத்தைப் பற்றியும், டெல்லியைப் பற்றியும், உலகத் தலைவர்களின் துரோகத்தைப் பற்றியும் நான் எத்தனையோ ஜும்ஆ உரைகள் ஆற்றியிருக்கிறேன். அவை தேவையற்றவை என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்தடி தூரத்தில் இருந்த பெட்டியின் கணக்கைப் பற்றி ஒரு வெள்ளியிலும் நான் கேட்டதில்லை. கேட்டால் நிர்வாகிகளின் மனம் நோகும் என்று அஞ்சினேன். என் வேலைக்கும் அஞ்சினேன்.

சென்ற மாதம் பள்ளிவாசல் அலமாரியில் அந்தப் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தோம். நிர்வாகிகள் தடுக்கவில்லை, அவர்களில் ஒருவர்தாம் சாவியைக் கொண்டுவந்தார். பள்ளிவாசல் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். அவற்றுள் நான்கு வீடுகள் ஹிந்துச் சகோதரர்களுடையவை. அவர்கள் வாசலிலும் அதே சாக்கடைத் தண்ணீர்தான் நிற்கிறது. அஸருக்குப் பின் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினோம். பதினேழு வீட்டார் வருவதாகச் சொன்னார்கள். இரண்டு வீட்டார் யோசிக்க வேண்டும் என்றார்கள். மூன்று வீட்டார் கதவைத் திறக்கவில்லை. கொத்தனார் ஒருவரும், ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவரும் நம் தெருவிலேயே குடியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நகராட்சியிடம் கேட்க வேண்டியது எது, நாமே செய்துகொள்ளக்கூடியது எது என்று நில அளவையர் ஒரு தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

வரும் ஞாயிறு காலை, தெருமுனையில், வேப்பமரத்தடியில் முதல் கூட்டம். குறிப்பேட்டின் எஞ்சிய பக்கங்களில் கணக்கெழுத அந்தத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய பக்கங்களை முதலில் உரக்க வாசித்த பிறகே புதிய பக்கத்தில் எழுதுவேன் என்று ஒரு நிபந்தனையும் விதித்திருக்கிறார். வாசிக்க வேண்டியவன் நான்.